மழை இல்லாத நாள்களில் ஒழுகும் கூரை

மூன்று மணி நேரம் தண்ணீர் அடித்தாகிவிட்டது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை.

மர்லீன் டகெட் தகரக் கூரையின் மேல் மண்டியிட்டபடி ஹோஸ் பைப்பை இன்னும் ஓர் அடி மேலே நகர்த்தினாள். ஒழுக்கைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. எப்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது கூரை முழுவதும் வழிந்துவிடும். உள்ளே சொட்டினாலும் எந்த ஓட்டை வழியாக வந்தது என்று தெரியாது. அதனால் அடி விளிம்பில் பத்து நிமிடம். சொட்டவில்லையா, ஓர் அடி மேலே பத்து நிமிடம். பிறகு இன்னும் ஓர் அடி. முழங்காலுக்கும் பொறுமைக்கும் ஒரே நேரத்தில் வைக்கும் பரீட்சை அது.

"கோரி! ஏதாவது தெரியுதா?"

தகரத்துக்கும் உள்கூரைக்கும் நடுவே இருந்த இருட்டில் டார்ச்சோடு படுத்திருந்த அவளுடைய உதவியாளன் குரல் கொடுத்தான்.

"ஒரு சிலந்தி தெரியுது பாஸ். நாக்கு வறண்டு போயிருக்கு. கொஞ்சம் தண்ணி காட்டுங்கன்னு கெஞ்சுது."

கோரி வென்டுரா மாட்டுச் சந்தையில் பதினைந்து வருடம் ஏலம் விட்டவன். சந்தையை விட்டு மூன்று வருடமாகிறது. அந்தச் செய்தி அவன் வாய்க்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. மர்லீன் அதற்கு நேர் எதிர். இருபத்திரண்டு வருடம் கட்டட ஆய்வாளராக இருந்துவிட்டு, இப்போது தீர்ப்பாயத்துக்கு வரும் வழக்குகளில் சுவர் ஏன் வெடித்தது, தரை ஏன் சாய்ந்தது என்று காரணம் தேடிக்கொடுக்கிறாள். காரணம் கிடைக்காத நாளில் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இன்றைக்கு மதியம் இரண்டாகியும் அவள் சாப்பிடவில்லை.

கூரையின் முகட்டில் கெவின் டிரஸ்கோட் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா பக்கத்தில் பாதி ஊருக்குத் தகரம் போட்டவன். இந்தக் கூரையும் அவன் போட்டதுதான், போன வருடம் மார்ச் மாதம். ஒழுகுகிறது என்று வீட்டுக்காரி புகார் கொடுத்தாள். சரிசெய் என்று உரிம ஆணையம் உத்தரவு போட்டது. கெவின் மூன்று முறை வந்து தண்ணீர் அடித்துப் பார்த்தான். ஒழுகவில்லை. "ஒழுகாத கூரையை எப்படிச் சரிசெய்வது?" என்று எழுதி அனுப்பினான். உத்தரவை மீறிவிட்டான் என்று ஆணையம் அவனுடைய உரிமத்தை நிறுத்தி வைத்தது.

எட்டு வாரமாக அவன் காசுக்கு ஒரு தகடுகூட மாட்ட முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பால் பண்ணைக் கொட்டகை பாதிக் கூரையோடு நிற்கிறது. மீதிப் பாதியில் தார்ப்பாய் படபடக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் விசாரணை; அதற்குக் காரணம் தேடி அறிக்கை தரத்தான் அவன் மர்லீனைக் காசு கொடுத்து அழைத்திருந்தான். அங்கேயும் தோற்றால் உரிமம் ரத்து; மூன்று வருடத்துக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது.

"நான்தான் சொன்னேனே, மர்லீன். இது ஒழுகாது. நீங்க விடிய விடிய அடிச்சாலும் ஒழுகாது" என்றான் கெவின். பழக்கதோஷத்தில் இடுப்பு வாரில் தொங்கிய பெயின்ட் பிரஷ்ஷை எடுத்து, பக்கத்துத் தகட்டில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டான்.

"கை கை! கையக் கட்டு!" என்று உள்ளிருந்து கத்தினான் கோரி. "உரிமம் இல்லாத கை அது. ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலும் நாளைக்கு அது ரெண்டாவது கேஸு."

"தூசிதானேடா தட்டினேன்."

"நீ தட்டுற சத்தம் எனக்கே கேக்குதுன்னா ஆணையத்துக்குக் கேக்காதா?"

மர்லீன் சிரிக்கவில்லை. அந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகட்டில் ஸ்க்ரூ முடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் உதிரும். அப்படியே விட்டால் இரண்டு பனிக்குத் துருப்பிடித்து, கூரை முழுக்க அம்மை வடுபோலப் புள்ளி விழும். முடுக்கியதும் பெருக்கிவிடுகிறவன் நல்ல வேலைக்காரன். இந்தக் கூரையில் கெவின் மாட்டிய ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கூரையின் நிறத்திலேயே பச்சைத் தலையோடு இருந்தது. ஒன்றைச் சுற்றியும் துரு இல்லை. படுக்கையறைக்கு மேலே படுத்திருந்த சோலார் வெந்நீர்த் தகட்டின் கால்களில் மட்டும் சாதாரணச் சாம்பல் ஸ்க்ரூ. அவற்றைச் சுற்றித் துருப்புள்ளி.

"அந்த சோலார் நீ மாட்டினதா?"

"இல்லயில்ல. அது பிளம்பர் டிம்மோ வேலை. நான் மார்ச்சுல முடிச்சிட்டுப் போயிட்டேன். அவன் மே மாசம் மாட்டினான். வருஷக் கடைசியில கடலோரமா எங்கயோ குடி போயிட்டான். மார்ச்சுக்கு அப்புறம் நான் இந்தக் கூரையைத் தொட்டதே இல்லை. ஆணையத்துக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்திருக்கேன்."

மர்லீன் சோலார் தகட்டின் மேலும் சுற்றிலும் தண்ணீர் அடித்தாள். அதன் குழாய் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்திலும் அடித்தாள். பத்து நிமிடம், இன்னொரு பத்து நிமிடம்.

"சிலந்தி தூங்கிருச்சு" என்றான் கோரி.

வாசலில் வீட்டுக்காரி ஐலீன் பாரோ நின்றிருந்தாள். ரயில்வேயில் முன்பதிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டிருந்தாள். அவர்கள் ஏணியில் இறங்குவதை ஒவ்வொரு படியாகப் பார்த்தாள்.

"நாலாவது தடவை" என்றாள். "நாலு தடவையும் என் தண்ணிய என் கூரை மேலயே ஊத்திட்டு, ஒழுகலன்னு சொல்லிட்டுப் போறீங்க. ஒழுகுறப்ப ஒருத்தரும் வரமாட்டேங்கிறீங்க."

*

தெருமுனை பேக்கரியில் வாங்கிய இறைச்சி அடைத்த பலகாரம் மர்லீனின் கையில் ஆறிக்கொண்டிருந்தது. மூவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கோரியின் மடியில் ஆணையம் அனுப்பிய கட்டு கிடந்தது. எந்தத் தாள்களை வைத்து முடிவெடுத்தார்களோ அவை எல்லாவற்றையும் தீர்ப்பாயத்துக்கும் எதிராளிக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. கொடுத்திருந்தார்கள். எண்பத்தாறு பக்கம், வரிசை மாறி, இரண்டு பக்கம் தலைகீழாக.

"பாஸ், எழுபத்தொன்பதாம் பக்கம். போன குளிர்காலத்துல என்னைக்கெல்லாம் ஒழுகிச்சுன்னு அந்தம்மா கையால எழுதின பட்டியல். பதினோரு தேதி. நான் சும்மா இருக்கமுடியாம வானிலைப் பதிவைத் தட்டிப் பார்த்தேன்." கோரி தொண்டையைச் செருமினான். "பதினோரு தேதி, பதினோரு தேதி! அதுல மழை பெஞ்ச நாள் எத்தனை? யார் கேக்குறீங்க? அஞ்சா? நாலா? ஒரு தரம், ரெண்டு தரம்..."

"கோரி."

"பூஜ்யம்! மூணு தரம்!"

கெவின் பின்சீட்டிலிருந்து எகிறி முன்னால் வந்தான். "என்னது?"

"ஒண்ணுல மட்டும் முந்தின நாள் சாயங்காலம் ஒரு தூறல். மத்த பத்துலயும் வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்திருக்கு. ஆணையத்துல ஒருத்தரும் பாக்கல. ஏன்னா புகார்ப் படிவத்துல 'எந்த மழையில் ஒழுகியது?'ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம அடுத்த பக்கம் போகாது. அந்தம்மா அந்தத் தூறலைப் போட்டுட்டாங்க. ஆணையத்து ஆய்வாளரும் அதை மட்டும் சரிபார்த்து டிக் அடிச்சிட்டாரு."

"பொய்!" கெவின் சீட்டின் முதுகில் குத்தினான். "மழையே இல்லாம ஒழுகிச்சாம்! எட்டு வாரம்! என்கிட்ட வேலை செஞ்ச பசங்க ரெண்டு பேரும் வேற ஆளுகிட்ட வேலைக்குப் போயிட்டாங்க. நாளைக்கு இதை அந்தம்மா மூஞ்சிக்கு நேரா வாசிங்க மர்லீன். முடிஞ்சுபோச்சு!"

"ஜெயிச்சாச்சு பாஸ். பலகாரத்தைச் சாப்பிடுங்க" என்றான் கோரி.

மர்லீன் பலகாரத்தை வண்டியின் முன்தட்டில் வைத்தாள்.

"பொய் சொல்றவங்க என்ன பண்ணுவாங்க கோரி? ஒழுகுச்சுன்னு பொய்யா ஒரு பட்டியல் போடணும். நீயா இருந்தா எந்தத் தேதியைப் போடுவே?"

"மழை பெஞ்ச..." கோரி பாதியில் நிறுத்தினான்.

"மழை பெஞ்ச தேதியைத்தான். மழை இல்லாத நாள்ல கூரை ஒழுகிச்சுன்னு எழுதுறது ரெண்டே பேருதான். ஒண்ணு முட்டாள். இருபத்தெட்டு வருஷம் ரயில் டிக்கெட் எழுதினவ முட்டாள் இல்ல. இன்னொண்ணு, கண்ணால பார்த்ததை அப்படியே எழுதுறவ."

"அப்போ தண்ணி எங்கேருந்து வந்துச்சு? அந்தம்மா அழுதாங்களா?"

"தெரியலையே!" மர்லீன் வண்டிக் கதவை வேகமாகத் திறந்தாள். "மூணு மணி நேரம் மழையைத் தேடியிருக்கேன். மழைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு இப்பதான் தெரியுது. மூணு மணி நேரம்!"

"எங்க போறீங்க? நமக்குத்தான் ஜெயிக்க ஒரு வழி கிடைச்சிருச்சே" என்றான் கெவின்.

மர்லீன் திரும்பி அவனைப் பார்த்தாள். "நாளைக்கு என்ன நடக்கும்னு உனக்கு யாராவது சொன்னாங்களா? ஆணையம் அன்னைக்குச் செஞ்சது சரியா தப்பான்னு மார்க் போடுறதோட தீர்ப்பாயம் நிறுத்திக்காது. ஆணையம் உக்காந்த அதே நாற்காலியில தானே உக்காந்து, நாளைக் காலை வரைக்கும் தெரிஞ்ச எல்லாத்தையும் வச்சு மறுபடியும் முதல்லேருந்து முடிவெடுக்கும். அதனால நமக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருக்கு. 'அந்தம்மா பொய் சொல்றாங்க'ன்னு நீ சொல்லி, அடுத்த வாரம் அவங்க தலையில சொட்டினா, அப்புறம் உன்னை யாராலயும் காப்பாத்த முடியாது."

*

ஐலீன் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பொய் சொல்றேன்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்ல. நீங்க சொல்றது நெஜம்னு சொல்ல வந்தேன்" என்றாள் மர்லீன்.

ஐலீன் வாசலிலிருந்து விலகி வழிவிட்டாள். பிறகு உள்ளே போய்க் கெட்டிலைப் போட்டாள்.

சமையலறைச் சுவரில் இரண்டு நாள்காட்டிகள் தொங்கின, போன வருடத்தது இந்த வருடத்ததின் அடியில். அவள் எதையும் தூக்கி எறிவதில்லை போலிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பொடி எழுத்து. பல் டாக்டர். நாய்க்கு ஊசி. குப்பைத் தொட்டி, மஞ்சள் மூடி. அங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில், ஏழாம் தேதிக் கட்டத்தில்: 'ஒழுகல், டப்பாவில் இரண்டு விரல்.'

"டப்பாவா?"

"ஐஸ்கிரீம் டப்பா. படுக்கைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். காலையில எந்திரிச்சா அதுல தண்ணி நிக்கும். எவ்வளவுன்னு அளந்து எழுதுவேன். படிவத்துல அதுக்கு இடம் இல்ல. மழைக்குத்தான் இடம் இருந்துச்சு. ஆணையத்து ஆள்கிட்ட போன்ல சொன்னேன், மழை இல்லப்பான்னு. 'கட்டத்தைக் காலியா விட முடியாதும்மா, பக்கத்துல இருக்கிற மழையைப் போடுங்க'ன்னான்."

மர்லீன் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் போனாள். கோரி பட்டியலை வாசித்தான். ஜூன் ஏழு. ஜூன் எட்டு. ஜூன் இருபத்தொன்று. விரல் ஒவ்வொரு கட்டத்திலும் நின்றது. நான்காவது தேதிக்கு முந்தைய கட்டத்துக்கு நகர்ந்த விரலை அவள் எடுக்கவே இல்லை.

"ஐலீன், இது என்ன எழுதியிருக்கீங்க? 'எலுமிச்சைக்குப் போர்வை'?"

"பின்னால ஒரு எலுமிச்சைக் கன்னு இருக்கு. உறைபனி விழுந்தா கருகிடும். வானிலைச் செய்தியில பனின்னு சொன்னா சாயங்காலமே ஒரு பழைய போர்வையை எடுத்து மூடிருவேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கோரி, மறுபடியும் முதல்லேருந்து தேதியைச் சொல்லு."

அவன் சொன்னான். இந்த முறை அவன் குரலில் ஏலம் இல்லை. ஒழுகிய ஒவ்வொரு தேதிக்கும் முந்தைய நாள் கட்டத்தில் எலுமிச்சைக்குப் போர்வை இருந்தது. பதினொன்றுக்குப் பதினொன்று.

"பனி எப்படி உள்ள ஒழுகும்? அது கூரை மேல உப்பு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். வெயில் வந்தா வழிஞ்சு போயிடும்" என்றான் கெவின்.

மர்லீன் ஐலீனிடம் கேட்டாள்: "உங்க ஃபிரீஸர்ல உறைஞ்ச பட்டாணி இருக்கா?"

"ரெண்டு பை இருக்கு. எதுக்கு?"

"அந்தப் போர்வையும் வேணும்."

"பட்டாணி, போர்வை" என்றான் கோரி. "பாஸுக்குப் பசி முத்திருச்சு."

*

சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மிச்ச வெயில் சூடேற்றாமல் இருக்க, சோலார் தகட்டின் மேல் போர்வை விரித்து மூடியிருந்தார்கள். மர்லீன் கூரையில் ஒருக்களித்துப் படுத்து, தகட்டின் அடியில் கையை விட்டாள்.

"இங்க கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளை வால்வு இருக்கு கெவ். சோலார் குழாய்க்குள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சா குழாய் வெடிச்சிரும். அதனால இதை வச்சிருக்காங்க. வால்வுக்குள்ள ஒரு மெழுகு உருளை இருக்கும். குளிர் ஏற ஏற மெழுகு சுருங்கும். சுருங்கினா வழி திறக்கும். குளிர்ந்த தண்ணி சொட்டுச் சொட்டா வெளிய போகும், கொஞ்சம் சூடான தண்ணி பின்னாலேருந்து வரும். மறுபடி மெழுகு வீங்கி மூடிக்கும். யாரும் எதையும் தொட வேண்டாம், கரண்ட் வேண்டாம். அருமையான யோசனை." முதல் முறையாக அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "உறைபனி விழுற ராத்திரி பூரா இது வேலை செய்யும். காலையில நாம ஹோஸோட வர்றப்ப மூடிக்கிட்டு நல்ல பிள்ளையா இருக்கும்."

அவள் பட்டாணிப் பையை வால்வின் மேல் அழுத்திப் பிடித்தாள்.

ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. அவளுடைய விரல்கள் சிவந்தன. ஐந்தாவது நிமிடத்தில் பையைத் திருப்பிப் போட்டாள்.

"உள்ள ஒண்ணும் இல்ல" என்றான் கோரி. "சிலந்தி எந்திரிச்சு, இப்ப பட்டாணி கேக்குது."

"பேசாம பாரு!" மர்லீன் பற்களைக் கடித்தாள். "ரெண்டாவது பை எங்க?"

கெவின் கொடுத்தான். ஏழாவது நிமிடத்தில் தகட்டின் அடியில் பூனை சீறுவதுபோல ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. பித்தளை வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாத வேகம்.

அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தகரத்தின் மேல் விழவில்லை. வால்வுக்கு நேர் கீழே செம்புக் குழாய் போயிற்று. சூடு போகாமல் இருக்க அதைச் சுற்றிக் கறுப்பு நுரை உறை. உறையின் வெட்டிய மேல்வாய் திறந்திருந்தது. வால்வின் தண்ணீர் புனல் வைத்து ஊற்றியதுபோல அந்த வாய்க்குள் போனது.

"பாஸ்!" கூரைக்கு அடியிலிருந்து கோரியின் குரல் உடைந்தது. "சொட்டுது! குழாயோட உறைக்குள்ளேருந்து சொட்டுது! என் மூக்கு மேல!"

படுக்கையறையிலிருந்து ஐலீன் கத்தினாள். "டப்பாவுல விழுது! கேக்குதா? டப்பாவுல விழுது!"

மர்லீன் பட்டாணியை விட்டுவிட்டு மல்லாந்து படுத்தாள். வானம் ஊதா நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று மணி நேரத் தண்ணீர். கெவின் அடித்த மூன்று முறை. அத்தனை தண்ணீரும் சோலார் தகட்டின் முதுகில் விழுந்து வழிந்து போயிருக்கிறது. தகடு குடைபோல மறைத்திருந்த அந்த ஒரே ஒரு வாய்க்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை.

"நான் சொன்னேன்ல!" கெவின் முகட்டிலிருந்து இறங்கி வந்தான். "சோலார்! டிம்மோ வேலை! என் கூரைல ஒரு குத்தமும் இல்ல!"

மர்லீன் எழுந்து உட்கார்ந்து டார்ச்சை அடித்தாள். குழாய் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்தில், தண்ணீர் புகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதைச் சுற்றிச் சிலிக்கான் அழகாக வழித்துவிடப்பட்டிருந்தது. ஒரே ஒரு பிழை. ரப்பர் செம்புக் குழாயைப் பிடித்திருக்க வேண்டும். நுரை உறையைப் பிடித்திருந்தது. உறைக்கு வெளியே வரும் தண்ணீருக்கு வழி அடைபட்டிருந்தது. உள்ளே வரும் தண்ணீருக்கு நேர் பாதை.

அவள் டார்ச்சை நகர்த்தவில்லை.

"கெவ், இங்க வா. இந்த ரப்பரை எத்தனை ஸ்க்ரூ பிடிச்சிருக்கு?"

"எட்டு."

"என்ன நிறம்?"

கெவின் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான்.

"டிம்மோகிட்ட இருந்தது சாம்பல் ஸ்க்ரூ. சோலார் காலைப் பாரு, சுத்தித் துரு. இது எட்டும் பச்சை. கூரைக்கு வாங்கின அதே பச்சை. சுத்தி ஒரு துருப்புள்ளி இல்ல. முடுக்கினவன் பிரஷ் போட்டுப் பெருக்கியிருக்கான்." அவள் அவனுடைய இடுப்பைப் பார்த்தாள். "இந்த ஊர்ல பிரஷ்ஷோட அலையுறது எத்தனை பேரு கெவ்?"

கெவின் மெதுவாகத் தகரத்தின் மேல் உட்கார்ந்தான். பிரஷ் தகட்டில் தட்டிச் சின்னச் சத்தம் எழுப்பியது.

"மே மாசம்" என்றான். "இந்தத் தெரு வழியா போய்க்கிட்டு இருந்தேன். டிம்மோ மேலேருந்து கூப்பிட்டான். நண்பா, உன்கிட்ட பச்சை ஸ்க்ரூ இருக்கா, இந்த ரப்பரை ஒட்டிக் குடுத்துட்டுப் போயேன்னான். அவன் ஏற்கெனவே உறையை மாட்டிட்டான். இருட்டிக்கிட்டு வந்துச்சு. நான் அது மேலயே... பத்து நிமிஷ வேலை. அவன் ஒரு பெட்டி பீர் குடுத்தான். அது வேலையா மர்லீன்? அதை எவன் வேலைன்னு நெனப்பான்?"

"அதனாலதான் 'தொட்டதே இல்ல'ன்னு எழுதினியா?"

"பொய்யா எழுதல! மறந்தே போச்சு! பில் இல்ல, தாள் இல்ல. ஒரு கை குடுத்தேன், அவ்வளவுதான்." அவன் உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் தேய்த்தான். பிறகு திடீரென்று பைக்குள்ளிருந்து கத்தியை எடுத்தான். "இப்பவே வெட்டி எறிஞ்சிர்றேன். இருபது நிமிஷம். நாளைக்குக் காலையில ஒழுகாது."

"கத்திய உள்ள வை!" என்றாள் மர்லீன். "உரிமம் இல்லாம இப்ப இதைத் தொட்டே, நாளைக்கு அதையும் சேர்த்து நான் எழுத வேண்டியிருக்கும்."

"எப்படிச் சரிசெய்யறதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நான். சரிசெய்யலன்னு உரிமத்தைப் புடுங்கிட்டாங்க. உரிமம் இல்லாததால சரிசெய்யக் கூடாது. என்னங்க இது!"

"எனக்கும் சுவத்துல முட்டிக்கணும் போலதான் இருக்கு. ஆனா என் அறிக்கை உனக்குச் சொந்தம் இல்ல கெவ். காசு நீ குடுத்தாலும் அது தீர்ப்பாயத்துக்குச் சொந்தம். பச்சை ஸ்க்ரூ அதுல வரும். அது என் தாள்லேருந்து முதல்ல வரணுமா, உன் வாய்லேருந்து முதல்ல வரணுமா, அதை மட்டும் நீ யோசிச்சுக்கோ."

கீழே ஐலீன் ஐஸ்கிரீம் டப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். கெவின் ஏணியில் இறங்கினான். டப்பாவைப் பார்த்தான். அரை விரல் தண்ணீர் இருந்தது.

"மூணு தடவை இந்த வாசல்ல நின்னு எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னே" என்றாள் ஐலீன்.

"சொன்னேன்" என்றான் கெவின். "ஒழுகுறது நான் ஒட்டினதால. தப்பு என்னோடது. நாளைக்கு நீங்களும் வாங்க. டப்பாவைக் கொண்டு வாங்க."

*

நீதிமன்றக் கட்டடத்தின் பின்னறையில் தீர்ப்பாயம் கூடியது. தீர்ப்புச் சொல்லும் உறுப்பினர் ஓல்வின் பேட் என்ற அம்மையார் ஒருவர்தான். ஆணையத்தின் வழக்கறிஞர் பிரிஸ்பேனிலிருந்து தொலைபேசியில் பேசினார். இரண்டு முறை தொடர்பு அறுந்தது. மூன்றாவது முறை, ஆணையத்தின் பக்கம் யாரோ காத்திருப்பு இசையைப் போட்டுவிட, அது அறை முழுக்கக் கேட்டது.

"இந்தப் பாட்டுக்கு எட்டு வாரமா நான் ரசிகன்" என்று கோரி முணுமுணுத்தான். மர்லீன் அவன் காலை மிதித்தாள்.

கெவின் யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து, மார்ச்சுக்குப் பிறகு கூரையைத் தொடவில்லை என்று தான் எழுதிக் கொடுத்தது தவறு என்றான். பச்சை ஸ்க்ரூவையும் பீர்ப் பெட்டியையும் சொன்னான். உறுப்பினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மர்லீனின் அறிக்கையைப் புரட்டினார். ஐலீன் மேசைமேல் வைத்த டப்பாவையும் இரண்டு நாள்காட்டிகளையும் பார்த்தார். பின்பு தொலைபேசியைப் பார்த்து ஆணையத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். கூரை சரியானால் இல்லை என்றது தொலைபேசி.

உறுப்பினர் பேசினார். "தவறான வாக்குமூலத்துக்கு உங்கள் பதிவில் ஒரு கண்டனம் இருக்கும், மிஸ்டர் டிரஸ்கோட். உரிமத்தை நிறுத்திய முடிவை நான் விலக்குகிறேன், இன்று மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து. ஆணையம் கூரையைச் சரிசெய் என்று மட்டும் சொன்னது. எதை என்று சொல்லவில்லை. நான் அதை என் உத்தரவில் எழுத வேண்டும். என்ன கெட்டது, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்."

கெவின் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தான்.

"உறைபனி ராத்திரியில சோலார் வால்வுலேருந்து சொட்டுற தண்ணி, குழாயைச் சுத்தின நுரை உறைக்குள்ள போகுது. நான் ரப்பரை உறை மேல ஒட்டிட்டேன். அதனால உறைக்குள்ள போன தண்ணி கூரையைத் தாண்டி நேரா படுக்கையறைக்கு இறங்குது. பழைய ரப்பரைக் கழட்டணும். உறையைக் கூரைக்கு மேல நாலு விரல் வெட்டி எடுக்கணும். புது ரப்பரைச் செம்புக் குழாயையே இறுக்கிப் பிடிக்கிற மாதிரி மாட்டி, ஸ்க்ரூ போட்டு, பெருக்கணும். இருபது நிமிஷம், மேடம். அப்புறம் வால்வு வாய்ல ஒரு சின்னக் குழாய் மாட்டி, தண்ணிய சோலாரைத் தாண்டித் தகரத்து மேல விடணும்."

அவன் கைகளை மேசையிலிருந்து எடுத்தான்.

"அந்தக் கடைசி வேலை மட்டும் என்னோடது இல்ல. அதுக்குப் பிளம்பர் உரிமம் உள்ளவங்க வரணும். இந்தத் தடவை எல்லாம் எழுத்துல இருக்கட்டும்."